சக்கரமும் எஞ்சினும் சேர்ந்து சொல்லும் எண்

காரில் கியர் போட்டால் கம்பி போட்ட இடத்திலேயே நிற்கும். இருட்டில்கூடக் கையை வைத்துப் பார்த்து இரண்டாவதா மூன்றாவதா என்று சொல்லிவிடலாம். மோட்டார் சைக்கிளில் அந்த வசதி கிடையாது. காலால் மிதித்த லீவர், காலை எடுத்ததும் பழைய இடத்துக்கே திரும்பிவிடுகிறது. முதல் கியரிலும் அதே இடம், ஐந்தாவது கியரிலும் அதே இடம். வண்டி எந்த கியரில் இருக்கிறது என்ற செய்தி எஞ்சின் உறைக்குள்ளே, ஆயிலில் நனைந்தபடி கிடக்கும் ஓர் உருளையின் திருப்பத்தில் மட்டுமே பதிந்திருக்கிறது.

ஓட்டிப் பழகியவர் எஞ்சின் சத்தத்தையும் வண்டியின் வேகத்தையும் சேர்த்துப் பார்த்து அதை ஊகித்துக்கொள்கிறார். அந்த ஊகம் பெரும்பாலும் சரியாகவே இருக்கும். ஆனால் எதிர்க்காற்று, ஹெல்மெட், பக்கத்தில் உறுமும் லாரி என்று சத்தத்தை மறைக்கும் விஷயங்கள் சாலையில் ஏராளம். டாப் கியரில் போய்க்கொண்டே, இல்லாத இன்னொரு கியரைத் தேடி மிதிப்பது எல்லோருக்கும் நேர்கிறது. அதனால் கெடுதல் ஒன்றும் இல்லை. மூன்றாவதில் இருக்கிறோம் என்று நம்பி முந்தப் போகும்போது வண்டி ஐந்தாவதில் இருந்து திணறினால்தான் ஆபத்து. முகப்பில் ஓர் எண் தெரிந்தால் இந்தச் சந்தேகத்துக்கே இடமில்லை.

அந்த எண்ணை வீட்டில் செய்த ஒரு சிறு கருவியால் வரவழைக்க முடியும். பாலிடெக்னிக் படிக்கும் மாணவர் கையிலிருக்கும் பொருள்களே அதற்குப் போதும். எண்ணைக் காட்டுவது எளிது. எந்தக் கணத்தில் காட்டலாம், எந்தக் கணத்தில் காட்டக் கூடாது என்று முடிவெடுப்பதுதான் இதில் கடினமான வேலை. அந்த முடிவுக்குத் தேவையான அறிவியல் முழுவதும் வண்டிக்குள்ளேயே இருக்கிறது.

உறைக்குள் நடப்பது

இன்றைய மோட்டார் சைக்கிள்களில் கியர்பாக்ஸின் பற்சக்கர ஜோடிகள் எல்லாம் எப்போதும் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டே சுற்றுகின்றன. ஐந்து கியர் வண்டியில் ஐந்து ஜோடிகளும் ஒரே நேரத்தில் சுழலும். ஆனால் ஒரு ஜோடி மட்டுமே தண்டோடு பூட்டப்பட்டு விசையைக் கடத்தும். மற்றவை தண்டின்மேல் சும்மா உருண்டுகொண்டிருக்கும். பூட்டும் வேலையைச் செய்பவை பற்சக்கரங்களின் பக்கவாட்டில் துருத்திக்கொண்டிருக்கும் கட்டைப் பற்கள். அவற்றை இப்படியும் அப்படியும் தள்ளுவது கவட்டை வடிவிலான ஷிஃப்ட் ஃபோர்க்.

ஃபோர்க்குகளை நகர்த்துவது ஷிஃப்ட் டிரம். அதன் மேற்பரப்பில் வளைந்து செல்லும் பள்ளங்கள் வெட்டப்பட்டிருக்கும். ஒவ்வொரு ஃபோர்க்கின் முனையும் ஒரு பள்ளத்தில் உட்கார்ந்திருக்கும். டிரம் திரும்பும்போது பள்ளத்தின் வளைவு ஃபோர்க்கை இடமோ வலமோ தள்ளும். லீவரை ஒருமுறை மிதித்தால் டிரம் ஒரு படி திரும்பி, நட்சத்திர வடிவத் தட்டும் ஸ்பிரிங் உருளையும் பிடித்துக்கொள்ள அங்கேயே நிற்கும். லீவருக்கும் டிரம்முக்கும் நடுவே இருப்பது ஒருமுறைக்கு ஒரு படி மட்டும் தள்ளும் அமைப்பு. லீவர் திரும்பி வருவதும், மூன்றாவதிலிருந்து நேரே முதலுக்குத் தாண்ட முடியாததும் இதனால்தான்.

சென்னையில் தயாரான பழைய புல்லட் வண்டிகளில் இந்தச் சிக்கலுக்கு ஒரு பாதித் தீர்வு இருந்தது. கியர் லீவரோடு தனியாக ஒரு நியூட்ரல் லீவரும் இருக்கும். முதல் கியரைத் தவிர வேறெந்த கியரில் இருந்தாலும் அதை மிதித்தால் நேரே நியூட்ரல் வந்துவிடும். எந்த கியர் என்று அது சொல்லாது. தெரியாவிட்டாலும் பரவாயில்லை என்ற நிலையை மட்டும் தரும். எண்ணையே காட்டும் வழியை ஜப்பானியர்கள் சீக்கிரம் எடுத்துக்கொண்டார்கள். சுசுகியின் மூன்று சிலிண்டர் வண்டியான ஜிடி750-இன் 1974 மாடலில், மீட்டர்களுக்கு நடுவே கியர் எண் ஒளிரும் சிறிய காட்டி வந்துவிட்டது.

மூன்று வழிகள்

வீட்டில் செய்பவருக்கு மூன்று வழிகள் திறந்திருக்கின்றன.

முதல் வழி, லீவரின் அசைவுகளை எண்ணுவது. மேலே ஒரு சுவிட்ச், கீழே ஒரு சுவிட்ச். மேலே போனால் ஒன்று கூட்டு, கீழே வந்தால் ஒன்று கழி. கண்ணை மூடிக்கொண்டு மாடிப்படியை எண்ணி ஏறுவது மாதிரியான வேலை இது. எங்கோ ஒரு படியில் எண்ணிக்கை தவறினால் அதற்குப் பின் வரும் ஒவ்வோர் எண்ணும் தவறு. பாதி மிதித்து கியர் விழாமல் போவதும், டாப்பில் இருந்துகொண்டு மறுபடி மிதிப்பதும் தினசரி நடப்பவை. நியூட்ரல் விளக்கு எரியும்போது கணக்கைத் திருத்திக்கொள்ளலாம். ஆனால் நெடுஞ்சாலையில் நியூட்ரலே வராமல் நெடுநேரம் ஓடும்போது, பிழை அத்தனை நேரமும் முகப்பில் ஒளிர்ந்துகொண்டிருக்கும்.

இரண்டாவது வழி, டிரம்மையே கேட்பது. உண்மை இருக்கும் இடம் அதுதான் என்பதால் எல்லாவற்றிலும் சிறந்த வழி இதுவே. வண்டி நின்றிருந்தாலும் பதில் கிடைக்கும். சுசுகியின் எஸ்வி650, வி-ஸ்டிராம் போன்ற வண்டிகளில் தொழிற்சாலையிலேயே டிரம் முனையில் ஒரு சுவிட்ச் இருக்கிறது. ஒவ்வொரு கியருக்கும் ஒரு தனி மின்தடை. கியர் மாறினால் கம்பியில் மின்னழுத்தம் மாறும். அந்த மின்னழுத்தத்தைப் படித்தாலே போதும். கருவியின் மூளையாக வைக்கும் ஆர்டுயினோ ஊனோ பலகையில் உள்ள ஏடிமெகா328பி சில்லு, 5 வோல்ட்டை 1024 படிகளாகப் பிரித்து அளக்கும். ஒரு படி ஏறக்குறைய 4.9 மில்லிவோல்ட். ஐந்தாறு நிலைகளைப் பிரித்தறிய இது தாராளம்.

அந்த சுவிட்ச் இல்லாத வண்டியில் டிரம் முனையில் ஒரு சிறு காந்தத்தை ஒட்டி, எதிரே ஏஎஸ்5600 போன்ற காந்தக் கோண சென்சாரை வைக்கலாம். ஒரு முழுச் சுற்றை 4096 பங்காகப் பிரித்துச் சொல்லும் சில்லு அது, தொடாமலே அளக்கும். ஆனால் அதற்கு எஞ்சின் மூடியைக் கழற்றி, லேத்தில் கொடுத்துத் துளையிட்டு, ஆயில் கசியாமல் அடைக்க வேண்டும். துளையிட்ட உலோகத் துணுக்கு ஒன்று உள்ளே விழுந்தால் எஞ்சினே பாழாகும். அனுபவமுள்ள மெக்கானிக் பக்கத்தில் இருந்தால் மட்டுமே இதில் இறங்கலாம்.

மூன்றாவது வழியில் எஞ்சினைத் திறக்கவே வேண்டாம். எஞ்சின் எத்தனை சுற்று சுற்றுகிறது, அதே நேரத்தில் பின்சக்கரம் எத்தனை சுற்று சுற்றுகிறது என்று இரண்டையும் அளந்து வகுத்துவிட்டால் கியர் தெரிந்துவிடும். கிளட்ச்சைப் பிடிக்காதவரை இந்த விகிதம் பற்களின் எண்ணிக்கையால் கட்டப்பட்டது. வேகம் கூடினாலும் குறைந்தாலும், மேட்டில் ஏறினாலும் பள்ளத்தில் இறங்கினாலும் மாறாது. கியர் மாறினால் மட்டுமே மாறும். ஒவ்வோர் அளவீடும் புதிதாக எடுக்கப்படுவதால் பழைய பிழை எதுவும் கூடவே ஒட்டிக்கொண்டு வராது. வீட்டில் முயல்பவருக்கு நான் பரிந்துரைப்பது இதைத்தான்.

ஒரு வண்டியின் கணக்கு

ராயல் என்ஃபீல்டின் கிளாசிக் 500 வண்டியை எடுத்துக்கொள்வோம். 2009-இல் வந்த கிளாசிக் வரிசையின் முகப்பில் வேகமானி உண்டு, நியூட்ரல் விளக்கு உண்டு. கியர் எண்ணும் இல்லை, ஆர்பிஎம் மீட்டரும் இல்லை. அதன் ஐந்து கியர்களின் விகிதங்கள் முதலிலிருந்து முறையே 3.06, 2.01, 1.52, 1.21, 1.00.

இவற்றோடு எஞ்சினிலிருந்து கிளட்ச்சுக்குப் போகும் விகிதத்தையும், முன் பின் செயின் ஸ்பிராக்கெட்டுகளின் விகிதத்தையும் பெருக்கினால் மொத்த விகிதம் வரும். ஐந்தாவது கியரில் பின்சக்கரம் ஒருமுறை சுற்ற எஞ்சின் 4.5 முறை சுற்றுகிறது என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் நான்காவதில் 5.4, மூன்றாவதில் 6.8, இரண்டாவதில் 9.0, முதலில் 13.8. பின் டயரின் சுற்றளவு ஏறக்குறைய 2.06 மீட்டர் என்றால், மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் சக்கரம் நொடிக்கு 8.1 முறை சுற்றும். அந்த வேகத்தில் ஐந்தாவது கியரில் எஞ்சின் நிமிடத்துக்குச் சுமார் 2,200 சுற்று. மூன்றாவதில் சுமார் 3,300 சுற்று. இந்த வித்தியாசத்தைத்தான் ஓட்டுபவரின் காது கேட்கிறது. கருவி அதை எண்ணாகக் கேட்கும்.

அடுத்தடுத்த கியர்களுக்கு இடையே உள்ள தூரத்தைப் பாருங்கள். முதலுக்கும் இரண்டாவதற்கும் இடையே 52 சதவீதம். மேலே போகப் போக இடைவெளி சுருங்கி, நான்காவதற்கும் ஐந்தாவதற்கும் இடையே 21 சதவீதமாகிவிடுகிறது. கருவியின் துல்லியம் இந்தக் கடைசி இடைவெளிக்குப் பதில் சொல்ல வேண்டும். எல்லைக்கோட்டை நடுவில் போட்டால் இரு பக்கமும் பத்து சதவீதம்தான் மிச்சம். அளவீட்டுப் பிழை அதைத் தாண்டினால் எண் தவறாகிவிடும்.

நடு எல்லையை எங்கே போடுவது என்பதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. நாம் ஒப்பிடுவது விகிதங்களை என்பதால், இரண்டையும் கூட்டி இரண்டால் வகுப்பதைவிட, பெருக்கி வர்க்கமூலம் எடுப்பது பொருத்தம். 1.00, 1.21 ஆகியவற்றுக்கு நடுவே 1.10, அடுத்தடுத்த எல்லைகள் 1.36, 1.75, 2.48. இப்படிச் செய்தால் எல்லையின் இருபுறமும் சதவீத அளவில் சம தூரம் கிடைக்கும்.

இந்த முறையில் டயரின் சுற்றளவு கணக்குக்குள் வரவே இல்லை என்பதையும் கவனியுங்கள். சக்கரம் போன தூரத்தை நாம் கேட்கவில்லை, சுற்றைத்தான் கேட்கிறோம். டயர் தேய்ந்தாலும், காற்று குறைந்தாலும், செயின் நீண்டாலும் விகிதம் அப்படியே இருக்கும். ஸ்பிராக்கெட்டை வேறு பல் எண்ணிக்கையில் மாற்றினால் மட்டும் கருவிக்குப் புதிதாகச் சொல்லித்தர வேண்டும்.

சக்கரத்தின் துடிப்பு

சக்கரச் சுற்றை அறிய ஹால் சென்சார் போதும். காந்தப்புலம் அருகே வந்தால் வெளியீடு மாறும் சிறு குறைகடத்தி அது. கடைகளில் எளிதாகக் கிடைக்கும் வகை ஏ3144. சக்கரத்தின் ஹப்பில் காந்தங்களை ஒட்டி, அசையாத பகுதியில் சென்சாரைச் சில மில்லிமீட்டர் இடைவெளியில் நிறுத்த வேண்டும். எழுத்து பொறித்த முகத்துக்கு எதிரே காந்தத்தின் தென்துருவம் வர வேண்டும். திருப்பி ஒட்டினால் சென்சார் அசையாது.

ஒரு காந்தம் போதுமா? மணிக்கு 10 கி.மீ. வேகத்தில் சக்கரம் ஒருமுறை சுற்ற முக்கால் நொடி ஆகிறது. அவ்வளவு நேரம் கருவி இருட்டில் காத்திருக்கும். சம இடைவெளியில் ஆறு காந்தங்கள் வைத்தால் அந்தக் காத்திருப்பு எட்டில் ஒரு நொடியாகக் குறைகிறது. கையால் ஒட்டும்போது இடைவெளிகள் துல்லியமாகச் சமமாக அமையாது. அதற்கு எளிய மருந்து உண்டு. கடைசி ஆறு இடைவெளிகளின் மொத்த நேரத்தை எடுத்துக்கொண்டால் அது எப்போதும் ஒரு முழுச் சுற்று. இடைவெளிப் பிழைகள் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு மறைந்துவிடும். ஒவ்வொரு புதுத் துடிப்பிலும் பழையது ஒன்றைக் கழித்துக்கொண்டே போனால் விடையும் தாமதமின்றிப் புதுப்பிக்கப்படும்.

இங்கே பலர் செய்வது, அரை நொடிக்குள் எத்தனை துடிப்பு வந்தது என்று எண்ணுவது. மணிக்கு 20 கி.மீ. வேகத்தில் ஆறு காந்தங்கள் அரை நொடியில் எட்டுத் துடிப்புகளே தரும். ஒன்று கூடினாலோ குறைந்தாலோ 12 சதவீதப் பிழை. நமக்கு இருக்கும் இடம் பத்து சதவீதம்தான். துடிப்புகளுக்கு இடையேயான நேரத்தை அளந்தால் இந்தச் சிக்கல் இல்லை. ஆர்டுயினோ ஊனோவின் கடிகாரம் நேரத்தை 4 மைக்ரோநொடி நுணுக்கத்தில் சொல்லும். 60 மில்லிநொடி இடைவெளியை அளக்கும்போது அந்தப் பிழையைப் பொருட்படுத்தவே தேவையில்லை.

காந்தத்தை பிரேக் டிஸ்க் அருகே ஒட்ட வேண்டாம். சாதாரண நியோடிமியம் காந்தங்கள் 80 டிகிரி செல்சியஸுக்கு மேல் வலிமை இழக்கத் தொடங்கும். டிஸ்க் அதைவிடச் சூடாகும். இன்னொன்று, ஏபிஎஸ் உள்ள வண்டிகளில் சக்கர வேகத்தைச் சொல்லும் கம்பி தயாராகவே இருக்கும். அதில் கை வைக்கக் கூடாது. அந்தக் கம்பியில் ஒரு சிறு கோளாறு புகுந்தாலும் பிரேக் பாதிக்கப்படும். கியர் எண்ணுக்காக பிரேக்கைப் பணயம் வைப்பது முறையல்ல.

எஞ்சினின் துடிப்பு

எஞ்சின் சுற்றைச் சொல்வது பிளக்கில் தெறிக்கும் பொறி. நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினுக்கு இரண்டு சுற்றுக்கு ஒரு பொறி போதும். ஆனாலும் பல ஒற்றை சிலிண்டர் வண்டிகளில் ஒவ்வொரு சுற்றுக்கும் பொறி வரும். ஒன்று எரிக்கும், அடுத்தது வீணாகும். எந்த வகையானாலும் அந்த வண்டிக்குள் அது மாறாது என்பதால், கருவிக்குக் கற்றுக்கொடுக்கும்போது தானாகவே கணக்கில் சேர்ந்துவிடும்.

பொறியை அறிய இக்னிஷன் காயிலின் முதன்மைச் சுற்றில் கம்பி எடுக்கலாம் என்று தோன்றும். அங்கே மின்னோட்டம் அறுபடும் கணத்தில் சில நூறு வோல்ட் எழும். 5 வோல்ட்டில் வேலை செய்யும் சில்லு அதைத் தாங்காது. அங்கிருந்துதான் எடுக்க வேண்டும் என்றால், ஒளியால் மட்டும் செய்தி கடத்தும் பிசி817 போன்ற ஆப்டோகப்ளர் நடுவே இருந்தாக வேண்டும். இதைவிடப் பாதுகாப்பான வழி, பிளக் ஒயரின்மேல் நல்ல காப்பு உள்ள மெல்லிய கம்பியைச் சில சுற்று சுற்றுவது. உலோகத் தொடர்பே இல்லாமல் ஒவ்வொரு பொறியும் அந்தக் கம்பியில் ஒரு துடிப்பை எழுப்பும். அதையும் நேரே சில்லுக்குக் கொடுக்காமல், மின்தடையும் காப்பு டையோடும் வைத்து அடக்கி, ஷ்மிட் டிரிகர் வகை சில்லு ஒன்றின் வழியாக அனுப்பினால் கூர்மையான, சுத்தமான துடிப்பு கிடைக்கும்.

பொறி ஒன்றுதான் என்றாலும் அதன் அதிர்வு பல துடிப்புகளாகத் தெரியும். அதனால் ஒரு துடிப்பை ஏற்றபின் 5 மில்லிநொடிக்கு வருவதையெல்லாம் புறக்கணிக்குமாறு நிரல் எழுத வேண்டும். எஞ்சின் நிமிடத்துக்கு 6,000 சுற்று சுற்றினாலும் ஒரு சுற்றுக்கு 10 மில்லிநொடி ஆகும் என்பதால், உண்மையான துடிப்பு எதுவும் இதில் தப்பாது.

ஒற்றை சிலிண்டர் எஞ்சின் சீராகச் சுற்றுவதில்லை என்பதும் இங்கே வெளிப்படும். அழுத்தும்போது வேகம் குறைகிறது, எரிந்து தள்ளும்போது கூடுகிறது. ஒவ்வொரு சுற்றையும் தனியே அளந்தால் ஒன்று நீளமாகவும் அடுத்தது குட்டையாகவும் மாறி மாறி வரும். இரண்டிரண்டு சுற்றாகச் சேர்த்து அளந்தால் எஞ்சினின் முழுச் சுழற்சி ஒன்று அடங்கிவிடும், தள்ளாட்டம் மறையும். சக்கர அளவீடும் எஞ்சின் அளவீடும் ஒரே காலத் துண்டைச் சேர்ந்தவையாக இருக்க வேண்டும் என்பதும் முக்கியம். முடுக்கும்போது பழைய சக்கர அளவைப் புதிய எஞ்சின் அளவோடு வகுத்தால் விகிதம் பொய் சொல்லும்.

எப்போது பேசாமல் இருப்பது

கிளட்ச்சைப் பிடித்த கணத்தில் எஞ்சினுக்கும் சக்கரத்துக்கும் உறவு அறுந்துவிடுகிறது. அப்போதும் இரண்டு துடிப்புகளும் வந்துகொண்டுதான் இருக்கும். வகுத்தால் ஏதோ ஒரு விடை வரும். அந்த விடைக்குப் பொருள் இல்லை.

இதற்குப் பலர் சொல்லும் தீர்வு: விகிதம் தொடர்ந்து சில அளவீடுகளில் மாறாமல் இருந்தால் மட்டும் எண்ணைக் காட்டு. நல்ல விதிதான், கியர் மாற்றும் அரை நொடிக் குழப்பத்தை அது வடிகட்டிவிடும். ஆனால் அது மட்டும் போதாது. மேலே சொன்ன வண்டி, கிளட்ச்சைப் பிடித்தபடி சிக்னலை நோக்கி உருண்டு வருகிறது என்று வையுங்கள். எஞ்சின் நிமிடத்துக்கு 1,000 சுற்றில் ஐட்லிங் ஓடுகிறது. வேகம் மணிக்கு 27 கி.மீ. ஆகும்போது விகிதம் கிட்டத்தட்ட 4.6. ஐந்தாவது கியரின் எண் 4.5. மெதுவாக உருளும் வண்டியில் விகிதமும் மெதுவாகத்தான் நகரும். கருவி தயங்காமல் 5 என்று காட்டும். வண்டியோ இரண்டாவது கியரில் இருக்கலாம். அந்த எண்ணை நம்பி, மூன்றாவதற்கு வர இரண்டு முறை கீழே மிதித்துவிட்டு கிளட்ச்சை விடுபவரின் வண்டி, வேகம் இன்னும் குறையாதிருந்தால் முதல் கியரில் குலுங்கி இழுக்கும். ஈரச் சாலையில் பின்சக்கரம் வழுக்கும்.

ஆகவே கிளட்ச் லீவரில் ஒரு சுவிட்ச் கட்டாயம் வேண்டும். பல வண்டிகளில் அது ஏற்கெனவே இருக்கிறது. இல்லாவிட்டால் சிறிய மைக்ரோ சுவிட்ச் ஒன்றைப் பொருத்திக்கொள்ளலாம். கிளட்ச் பிடித்திருந்தால் எண்ணை அணைத்துவிட்டு ஒரு சிறு கோடு மட்டும் ஒளிரட்டும். நியூட்ரல் விளக்கின் கம்பியிலிருந்து ஒரு டையோடு வழியாக இன்னொரு செய்தி எடுத்துக்கொண்டால், நியூட்ரல் என்பதை விகிதத்தைக் கேட்காமலே உறுதியாகச் சொல்லலாம்.

வண்டி நின்றுவிட்டால் விகித முறைக்குப் பதில் தெரியாது. சக்கரம் சுற்றாதபோது வகுக்க ஒன்றுமில்லை. அப்போது கடைசியாகக் கண்ட எண்ணையே பிடித்து வைத்துக்கொள்ளலாமே என்று தோன்றும். ஓட்டுபவர் நின்றபடி கியரைக் குறைத்திருக்கலாம். எனவே அங்கேயும் கோடுதான் சரி. இந்த மூன்றாவது வழியின் உண்மையான எல்லை இது. நின்ற வண்டியிலும் எண் வேண்டும் என்பவர் டிரம்மிடம்தான் போக வேண்டும்.

நிரலின் விதிகள் இப்படி அமையும். நியூட்ரல் சுவிட்ச் சொன்னால் நியூட்ரல். கிளட்ச் பிடித்திருந்தால் கோடு. வேகம் மணிக்கு 5 கி.மீ.க்குக் கீழே என்றால் கோடு. விகிதம் எந்த கியருக்கும் பக்கத்தில் இல்லை என்றாலும் கோடு. தொடர்ந்து நான்கு அளவீடுகள் ஒரே கியரைச் சொன்னால் மட்டும் எண். அளவைக் கருவிகளில் பிழையைவிட மௌனம் பாதுகாப்பானது. காட்டாத எண்ணைக் கண்டு யாரும் ஏமாறுவதில்லை. மூன்று முறை தவறாகக் காட்டிய கருவியை அதன்பின் யாரும் பார்ப்பதும் இல்லை.

கற்றுக்கொடுத்தல்

விகிதங்களை வண்டியின் கையேட்டிலிருந்து எடுத்து நிரலில் எழுதலாம். வண்டியிடமே கேட்பது இன்னும் நல்லது. கருவியில் ஒரு பொத்தானை வையுங்கள். போக்குவரத்து இல்லாத நேர்ச்சாலையில், முதல் கியரில் சீரான வேகத்தில் ஓட்டியபடி ஒருமுறை அழுத்தினால் அந்த விகிதம் பதிவாகும். அடுத்து இரண்டாவது, மூன்றாவது என்று வரிசையாக. ஏடிமெகா328பி சில்லுக்குள் மின்சாரம் போனாலும் அழியாத 1024 பைட் நினைவகம் இருக்கிறது. ஐந்து எண்களை வைக்க அது போதும். பொத்தானை ஹேண்டிலின் இடது பிடி அருகே வைத்தால் கையை எடுக்காமல் அழுத்தலாம்.

பதிவான ஐந்து எண்களை வீட்டுக்கு வந்து ஒன்றையொன்று வகுத்துப் பாருங்கள். முதலை ஐந்தாவதால் வகுத்தால் 3.06-க்கு மிக அருகில் வர வேண்டும். வரவில்லை என்றால் எங்கோ துடிப்பு தவறுகிறது, அல்லது பொறியின் அதிர்வு இரட்டையாக எண்ணப்படுகிறது. பற்களின் எண்ணிக்கை பொய் சொல்லாது என்பதால் இதைவிட நம்பகமான சோதனை கிடையாது.

மின்சாரம், குலுக்கல், வெயில்

மேசையில் ஒழுங்காக ஓடிய கருவி வண்டியில் ஏறியதும் நின்றுபோவதற்குக் காரணம் பெரும்பாலும் மின்சாரமும் குலுக்கலும்தான். 12 வோல்ட் என்று எழுதியிருக்கும் வண்டியில் எஞ்சின் ஓடும்போது 14 வோல்ட்டுக்கு மேலே இருக்கும். இடையிடையே அதைவிடப் பெரிய மின்னழுத்தக் குத்துகளும் வரும். சாவி போட்டபின் உயிர்பெறும் கம்பியிலிருந்து, 1 ஆம்பியர் ஃபியூஸ் வழியாக மின்சாரம் எடுங்கள். மிகை மின்னழுத்தத்தை உறிஞ்சும் காப்பு டையோடு ஒன்றும், திருப்பிக் கொடுத்தாலும் எரியாதிருக்க இன்னொரு டையோடும் அவசியம். 7805 ரெகுலேட்டர் போட்டால், 14.4 வோல்ட்டை 5 ஆக்கும்போது 100 மில்லிஆம்பியருக்கு ஏறக்குறைய 0.94 வாட் வெப்பமாகிறது. சிறு அலுமினியத் தகடு ஒன்று தேவைப்படும்.

பிரெட்போர்டில் செருகிய கம்பிகள் ஒற்றை சிலிண்டர் குலுக்கலில் தாக்குப்பிடிக்காது. எல்லாவற்றையும் போர்டில் சால்டர் செய்து, சிலிக்கோன் ஊற்றி அசையாமல் அடக்கி, நீர் புகாத பெட்டியில் வைக்க வேண்டும். சென்னை ரிச்சி தெருவில் ஒரே நடையில் இந்தப் பொருள்கள் எல்லாவற்றையும் வாங்கிவிடலாம்.

எண்ணைக் காட்ட ஏழு துண்டு எல்.இ.டி. போதும். ஒவ்வொரு துண்டுக்கும் 330 ஓம் மின்தடை வைத்தால் சிவப்பு எல்.இ.டி.யில் சுமார் 9 மில்லிஆம்பியர் ஓடும். சித்திரை வெயிலில் அது மங்கலாகத் தெரியும் என்பதால் அதிக ஒளி தரும் வகையை வாங்கி, முன்னால் சிவப்பு வடிகட்டித் தகடும் மேலே சிறு கூரையும் வையுங்கள். இரவில் அதே ஒளி கண்ணைக் கூசவைக்கும். ஒளி உணர் மின்தடை ஒன்றைச் சேர்த்து, வெளிச்சத்துக்கு ஏற்ப மங்கவைக்க வேண்டும்.

எண்ணுக்கு அப்பால்

விகிதத்தைத் தொடர்ந்து அளக்கும் கருவி கைக்கு வந்துவிட்டால் அது இன்னொரு வேலையும் செய்யும். ஐந்தாவது கியரில், மேட்டில், ஆக்ஸிலேட்டரை நன்றாகத் திருகும்போது 4.5 ஆக இருக்க வேண்டிய விகிதம் 4.7, 4.8 என்று ஏறினால், எஞ்சின் முந்திக்கொண்டு ஓடுகிறது, சக்கரம் பின்தங்குகிறது என்று பொருள். கிளட்ச் தட்டுகள் வழுக்கத் தொடங்கியிருக்கின்றன. காதுக்குத் தெரியும் முன்பே கருவிக்குத் தெரிந்துவிடும். பற்களால் கட்டப்பட்ட ஒரு விகிதம் மாறுவதற்கு, கோளாறைத் தவிர வேறு காரணம் இருக்க முடியாது.

மின்னணுவியலும் இயந்திரவியலும் படிக்கும் மாணவர்கள் சேர்ந்து இதைச் செய்யத் தொடங்கினால், முதல் கட்டத்தில் விளக்கையே பொருத்த வேண்டாம் என்பேன். விகிதத்தையும் கிளட்ச், நியூட்ரல் நிலைகளையும் ஒரு நினைவக அட்டையில் பதிவு செய்துகொண்டு ஓட்டுங்கள். பின்னால் உட்கார்ந்திருக்கும் நண்பர் ஒவ்வொரு கியர் மாற்றத்தையும் குரலில் பதிவு செய்யட்டும். இரண்டு பதிவுகளையும் வீட்டில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, கருவி எத்தனை முறை சரியான எண்ணைச் சொன்னது, எத்தனை முறை கோடு காட்டியது, எத்தனை முறை தவறான எண்ணைச் சொன்னது என்று மூன்றாகப் பிரித்துக் கணக்கெடுங்கள். கோடுகளின் எண்ணிக்கையைப் பிறகு மெல்ல மெல்லக் குறைத்துக்கொள்ளலாம். தவறான எண்களின் எண்ணிக்கை பூச்சியமாகும்வரை விளக்கை முகப்பில் ஏற்ற வேண்டாம்.